எதிரணியே இல்லாத சாம்பியன்: ஐஸ்லாந்தில் கால்பந்து தொடங்கிய கதை

2016 ஜூன் 27 அன்று பிரான்ஸின் நீஸ் நகரில், யூரோ கோப்பை ஆட்டத்தில் ஐஸ்லாந்து இங்கிலாந்தை 2-1 என்று தோற்கடித்தது. அதன்பிறகு பல நாட்களுக்கு எங்கு பார்த்தாலும் ஒரே பேச்சு. மூன்றேகால் லட்சம் பேர், பனி, எரிமலை, நேற்று முளைத்த கால்பந்து. முதல் மூன்றும் சரி. நான்காவதுதான் உதைக்கிறது.

நேற்று முளைக்கவில்லை என்றால் எப்போது முளைத்தது? இதைக் கேட்டால் ஒருவர் 1895 என்பார், இன்னொருவர் 1899, மூன்றாமவர் 1912, நான்காமவர் 1947. நால்வரும் தவறான தகவல் சொல்லவில்லை. "தொடங்கியது" என்ற ஒரே சொல்லை ஆளுக்கு ஒரு பொருளில் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நாட்டில் பந்து முதன்முதலாக உதைபட்ட நாள் ஒன்று, அங்கே கால்பந்து ஒழுங்காக நடக்கத் தொடங்கிய நாள் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் பெரும்பாலும் பல பத்தாண்டுகள் கிடக்கும். ஐஸ்லாந்து மக்கள்தொகையில் சின்ன நாடு என்பதால், அந்த இடைவெளியில் நடந்தது முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிறது. பெரிய நாடுகளில் இந்த வசதி கிடையாது.

பந்துக்காரன் வீட்டுக்குப் போனால்?

தெருவில் ஆடி வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஆள் உண்டு: பந்துக்காரன். பந்து அவனுடையது, எனவே விதியும் அவனுடையது. அவன் அவுட் ஆனால் அது "ட்ரையல் பால்". வாக்குவாதம் முற்றினால் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். ஆட்டம் அதோடு முடிந்தது.

அந்தத் தெருப்பையன்களே ஒரு நாள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுப் பொதுப் பந்து ஒன்று வாங்குகிறார்கள் என்று வையுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுத ஒரு நோட்டு வருகிறது. ஞாயிறு காலை ஏழு மணி என்று நேரம் குறிக்கிறார்கள். பக்கத்துத் தெருவை ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். சண்டை வந்தால் தீர்த்துவைக்க, இரண்டு தெருவுக்கும் பொதுவான ஒரு அண்ணனைப் பிடித்து நிறுத்துகிறார்கள். ஆட்டம் பழைய ஆட்டம்தான். ஆனால் இனி யார் கோபித்துக்கொண்டு போனாலும் அது நிற்காது.

ஒழுங்கமைந்த கால்பந்துக்கு நான் வைத்திருக்கும் வரையறை இதுதான்: பந்துக்காரன் வீட்டுக்குப் போன பிறகும் நடக்கிற கால்பந்து. பொதுப் பணம், குறித்த தேதி, எல்லோரும் ஏற்ற விதி, தகராறு தீர்க்க ஒரு பொது ஆள் ஆகிய நான்கும் சேரும்போது அது வந்துவிடுகிறது. நான்கும் ஒரே நாளில் சேர்வதில்லை, ஐஸ்லாந்திலும் சேரவில்லை.

1895: பந்து வந்தது

ஐஸ்லாந்து அப்போது டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. தலைநகர் ரேக்யவிக்கை நாம் நகரம் என்றே சொல்லியிருக்க மாட்டோம். அங்கே ஓர் அச்சகத்தில் வேலை செய்ய ஸ்காட்லாந்திலிருந்து ஜேம்ஸ் ஃபெர்குசன் என்பவர் வந்தார். 1895-இல் அவர் ஊர்ப் பையன்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார், கூடவே கால்பந்தும். பல நாடுகளுக்குக் கால்பந்து பிரிட்டிஷ் மாலுமியோடோ சிப்பாயோடோ ரயில்வே பொறியாளரோடோ போய் இறங்கியது. இங்கே அச்சுக்கோக்கிறவரோடு வந்தது. புத்தகப் பைத்தியத்துக்குப் பேர்போன ஒரு நாட்டுக்கு இது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

"ஐஸ்லாந்தில் கால்பந்து 1895-இல் தொடங்கியது" என்பவர்கள் சொல்வது இதைத்தான். ஆடியது உண்மை. ஆனால் அது சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்ததால் நடந்த ஆட்டம், அதாவது பந்துக்காரனை நம்பிய ஆட்டம்.

1899: நோட்டு வந்தது

1899-இல் ரேக்யவிக் இளைஞர்கள் சிலர் கூடி, பந்து வாங்கக் காசு போட்டு, ஒரு கிளப் தொடங்கினார்கள். கிளப் என்றால், தனி ஆட்கள் வந்து போனாலும் பெயரும் சொத்தும் பொறுப்பும் தொடர்ந்து நிற்கிற ஒரு குழு. இங்கே சொத்து என்பது ஒரு பந்து. அந்தக் கிளப்தான் இன்று கே.ஆர். என்று அழைக்கப்படுவது, நாட்டின் மிகப் பழைய கால்பந்துக் கிளப்.

முதலில் அதற்கு வைத்த பெயர் ஃபோட்போல்டஃபெலாக் ரேக்யவிகுர். "ஃபுட்பால்" என்ற வெளிச்சொல் அதில் அப்படியே உட்கார்ந்திருப்பது காதில் விழும். பின்னாளில் அதை மாற்றி "க்னத்ஸ்பிர்னா" என்ற சொந்தச் சொல்லைப் போட்டார்கள். க்னத் என்றால் பந்து, ஸ்பிர்னா என்றால் உதை. கே.ஆர். என்பதில் இருக்கும் "கே" அந்தச் சொல்லின் முதல் எழுத்துதான். ஐஸ்லாந்துக்காரர்கள் வெளிச்சொல்லைக் கண்டால் சும்மா விடமாட்டார்கள், தங்கள் மொழியில் ஒன்று செய்து பார்ப்பார்கள். தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. தமிழ்நாட்டில் "கால்பந்து" என்று ஆங்கிலத்தின் அச்சில் வார்த்தோம். ஈழத்தில் "உதைபந்தாட்டம்" என்றார்கள், அதாவது பந்தும் உதையும். எங்கோ வட அட்லாண்டிக்கில் இருப்பவர்களும் யாழ்ப்பாணத்தவர்களும் ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

சரி, கிளப் வந்தாயிற்று. ஆட யார் இருக்கிறார்கள்?

இதுதான் பலரும் தாண்டிப் போகிற இடம். ஒரே ஒரு கிளப்பை வைத்துக்கொண்டு போட்டி நடத்த முடியாது. ரேக்யவிக்கில் நிலைத்து நின்ற மற்ற கிளப்புகள் 1908-இல்தான் முளைத்தன. அந்த ஆண்டு ஃப்ராம், விகிங்குர் இரண்டும் தொடங்கின. விகிங்குரைத் தொடங்கியவர்கள் சிறுவர்கள். முதல் தலைவர் ஆக்ஸெல் ஆண்ட்ரேசனுக்கு வயது 12. சங்கத்தின் தலையாய நோக்கம் பந்து வாங்கப் பணம் சேர்ப்பது. உலகின் எந்த மூலையிலும் கிளப் பிறக்கும் விதம் இதுதான் என்று நினைக்கிறேன். கொள்கை, கொடி, பாட்டு எல்லாம் அப்புறம் வரும்.

1911-இல் வாலூர் வந்தது. கிறிஸ்தவ இளைஞர் சங்கத்துக்குள் பிறந்த கிளப் அது. சங்கத்தின் தலைவர் பாதிரியார் ஃப்ரித்ரிக் ஃப்ரித்ரிக்சன். வெல்லும் வெறி ஆட்டத்தின் அழகை மிஞ்சிவிடக் கூடாது என்ற பொருளில் அவர் சொன்னதை வாலூர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். வென்றபோது சொல்கிறார்களா, தோற்றபோது சொல்கிறார்களா என்பது வேறு விஷயம்.

இதுவரை வந்த வழியைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். 1895-இல் ஆட்டம் வந்தது. 1899-இல் கிளப் வந்தது. எதிரணி வர 1908 ஆனது. மைதானமும் போட்டியும் இன்னும் வரவில்லை.

வேலி போட்ட மைதானம்

1911 ஜூனில் ரேக்யவிக்கில் மெலார் என்ற திடலில் ஒரு விளையாட்டு மைதானம் திறந்தார்கள். அதற்கு மெலாவோத்லூர் என்று பெயர். புல் கிடையாது, சரளைத் தரை. விழுந்தால் முழங்கால் போச்சு. ஆனாலும் அது மைதானம்.

மைதானம் ஏன் அவ்வளவு முக்கியம்? திறந்த வெளியில் ஆடினால் யாரும் நின்று பார்க்கலாம், காசு கொடுக்க வேண்டியதில்லை. சுற்றி வேலி போட்டு வாசல் வைத்தால் டிக்கெட் விற்கலாம். டிக்கெட் விற்றால் அடுத்த ஆட்டத்துக்குப் பணம் வரும், அடுத்த ஆட்டத்துக்குத் தேதி குறிக்கலாம். நம்மூர்த் திருவிழாக் கபடிப் போட்டியில் தென்னங்கீற்று வேலி கட்டுவதற்கும் இதே காரணம்தான். இன்னொன்றும் உண்டு: ஜூன் மாதத்தில் ரேக்யவிக்கில் சூரியன் மறைவது ஏறக்குறைய நள்ளிரவில். விளக்குக் கம்பம் இல்லாமலே வேலை முடிந்து வந்து இரவு எட்டு மணிக்கு ஆட்டம் வைக்கலாம். இயற்கை அந்த நாட்டுக் கால்பந்துக்குச் செய்த ஒரே உதவி இதுவாகத்தான் இருக்கும்.

1912: மூன்று அணி, ஒரு கோப்பை

மைதானம் வந்த மறு ஆண்டே ஐஸ்லாந்தின் முதல் தேசிய சாம்பியன்ஷிப் நடந்தது. சாம்பியன்ஷிப் என்றால் நாட்டில் முதல் அணி எது என்று தீர்மானிக்க நடத்தும் போட்டி. அதை லீக் முறையில் நடத்தினார்கள். லீக் முறை என்றால் தோற்ற அணி உடனே வெளியேறாமல், ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆடி, புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பது.

எத்தனை அணிகள்? மூன்று. ரேக்யவிக்கின் கே.ஆர்., ரேக்யவிக்கின் ஃப்ராம், தென்கரைக்கு அப்பால் கடலில் இருக்கும் வெஸ்ட்மான் தீவுகளிலிருந்து ஓர் அணி. மூன்று அணி லீக்கில் மொத்தம் மூன்று ஆட்டங்கள்தான். அதிலும் ஒன்று நடக்கவில்லை.

கே.ஆரும் ஃப்ராமும் 1-1 என்று சமன் செய்தன. தீவு அணியைக் கே.ஆர். 3-0 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் பட்ட காயங்களால் தீவு அணி மேற்கொண்டு ஆட முடியாமல் விலகிக்கொண்டது. ஃப்ராமுக்கு அந்த வெற்றி வாக்ஓவராகக் கிடைத்தது. எதிரணி களத்துக்கு வராததால் ஆடாமலே கிடைக்கும் வெற்றிதான் வாக்ஓவர். இப்போது கே.ஆரும் ஃப்ராமும் புள்ளியில் சமம். எனவே இரண்டையும் மறுபடி மோதவிட்டார்கள். கே.ஆர். 3-2 என்று வென்று முதல் சாம்பியன் ஆனது.

கடல் தாண்டி வந்து ஒரே ஆட்டம் ஆடி அடிபட்டுத் திரும்பிய அந்தத் தீவுக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆனால் அவர்கள் வந்ததால்தான் அந்தப் போட்டிக்குத் "தேசிய" என்ற சொல் ஒட்டியது. இல்லாவிட்டால் அது ஒரே ஊரின் இரண்டு கிளப்புகளுக்கு நடுவில் நடந்த பந்தயம்.

எதிரணி இல்லாத சாம்பியன்

அடுத்த ஆண்டு, 1913. போட்டிக்குப் பெயர் கொடுத்தது ஃப்ராம் மட்டும். ஒரே அணி, எனவே ஃப்ராம் சாம்பியன். 1914-லும் அதே கதை, ஒரு பந்துகூட உதைக்காமல் மறுபடி ஃப்ராம் சாம்பியன். ஃப்ராமின் பட்டியலில் அந்த இரண்டு பட்டங்களும் இன்றுவரை எண்ணப்படுகின்றன.

இதைப் படித்ததும் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. ஆனால் கொஞ்சம் யோசித்தால், இந்த விளக்கத்தில் மிகச் சரியாக உட்காரும் உதாரணம் இதுதான். 1913-இல் கே.ஆர். வரவில்லை. வாலூர், விகிங்குர் வரவில்லை. தீவு அணியும் வரவில்லை. தெரு ஆட்டமாக இருந்தால் "இந்த வருஷம் இல்லை" என்று எல்லோரும் கலைந்திருப்பார்கள். இங்கே பதிவு நடந்தது, முடிவு எழுதப்பட்டது, பட்டம் வழங்கப்பட்டது. ஆளே இல்லாத வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்து நிரப்பிய மாதிரி. பதிவேடு நின்றுபோகாததால் 1915-இல் ஃப்ராமோடு கே.ஆரும் வாலூரும் வந்து சேர்ந்தபோது, புதிதாக எதையும் தொடங்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஆண்டும் ஃப்ராம்தான் வென்றது, இந்த முறை ஆடி. 1918 வரை அதைத் தொடர்ந்து யாராலும் அசைக்க முடியவில்லை. 1919-இல் கே.ஆர். முந்தியது. 1920-இல், பன்னிரண்டு வயதுத் தலைவனோடு தொடங்கிய அந்த விகிங்குர்.

சின்ன நாடு, பெரிய நிலம்

"தேசிய" சாம்பியன்ஷிப்பில் ஏன் இத்தனை நாள் ரேக்யவிக் பெயர்களே வருகின்றன? வெளியூரில் ஆடத் தெரிந்தவர்களே இல்லையா?

நாம் ஐஸ்லாந்தைச் சின்ன நாடு என்கிறோம். அது ஆள் கணக்கு. 1910-இல் அங்கே இருந்தவர்கள் சுமார் 85,000 பேர். நிலக் கணக்கில் அது 1,03,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் முக்கால் பங்குக்கும் மேல். அந்த நிலத்தின் நடுப்பகுதி பனியாறும் எரிமலைப் பாறையும், ஊர்களெல்லாம் கரையோரம். பயணிகள் ரயில் போக்குவரத்து அந்த நாட்டில் என்றைக்குமே இருந்ததில்லை. தீவைச் சுற்றிவரும் நெடுஞ்சாலை முழுமையானது 1974-இல். அதற்கு அறுபது ஆண்டு முன்னால் வடக்கே இருக்கும் அகுரேரி அணி ரேக்யவிக்கில் ஆட வேண்டுமென்றால், கப்பலேறிப் பாதித் தீவைச் சுற்றி வர வேண்டும்.

இங்கிலாந்தில் லீக் முறை 1888-இல் வேரூன்றியதற்கு ரயில் ஒரு பெரிய காரணம். சனிக்கிழமை காலை கிளம்பி, மதியம் ஆடி, இரவு வீடு திரும்பலாம். ரயில் இல்லாத நாட்டில் லீக் எப்படி நடக்கும்? ஐஸ்லாந்து கண்ட வழி எளிமையானது. எல்லோரும் ரேக்யவிக்குக்கு வந்துவிடுங்கள், கோடையில் சில நாட்களுக்குள் எல்லா ஆட்டங்களையும் முடித்துக்கொள்வோம். ரேக்யவிக் கிளப்புக்கு வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். வெளியூர்க் கிளப்புக்குக் கப்பல் கட்டணம், தங்குமிடம், இழந்த கூலி. மீன்பிடிப் பருவத்தில் இளைஞர்களை யார் அனுப்புவார்கள்? பட்டியலில் ரேக்யவிக் பெயர்களே வரிசையாக நிற்பதற்குத் திறமையைவிடத் தூரம்தான் காரணம் என்பது என் கருத்து.

நாம் இன்று லீக் என்றதும் நினைக்கிற முறை, ஒரு முறை உன் ஊரில், ஒரு முறை என் ஊரில் என்பது, அங்கே 1959-இல்தான் வந்தது. அந்த ஆண்டு ஆறு அணிகள் ஆடின. கே.ஆர். பத்து ஆட்டங்களில் பத்தையும் வென்றது.

பொதுவான அண்ணன்

இன்னும் ஒரு துண்டு பாக்கி இருக்கிறது. தகராறு வந்தால் யாரிடம் போவது?

பல நாடுகளில் முதலில் தேசியக் கால்பந்துச் சங்கம் வரும், பிறகு அது போட்டி நடத்தும். எனவே ஐஸ்லாந்திலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று எண்ணி, தேசியச் சங்கம் பிறந்த 1947-ஐத் தொடக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அங்கே வரிசை தலைகீழ். 1912 ஜனவரியில் எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவாக ஒரு தேசிய விளையாட்டுக் கூட்டமைப்பு உருவானது. கூட்டமைப்பு என்றால் கிளப்புகள் தங்களுக்கு மேலே தாங்களே ஏற்படுத்திக்கொள்ளும் பொது அமைப்பு. 1919-இல் ரேக்யவிக் கிளப்புகள் தங்களுக்கென ஒரு கால்பந்து மன்றம் அமைத்துக்கொண்டன. நகரத்து மன்றம்தான், ஆனாலும் நாட்டுக் கால்பந்தை நடத்தும் வேலையில் பெரும்பகுதி அதன் தோளில்தான் விழுந்தது. கால்பந்துக்கென்றே தேசியச் சங்கம் 1947 மார்ச் 26 அன்றுதான் பிறந்தது. சாம்பியன்ஷிப்பைவிடச் சங்கம் 35 ஆண்டு இளையது.

அவ்வளவு நாள் இல்லாமலே ஓட்டினார்களே, 1947-இல் மட்டும் ஏன் தேவைப்பட்டது? உள்ளூரில் மூன்று நான்கு கிளப்புகள் என்றால் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தே பேசித் தீர்க்கலாம். வெளிநாட்டோடு ஆடுவதென்றால் நாட்டின் பெயரில் கையெழுத்துப் போட ஒரு அமைப்பு வேண்டும்.

வெளி ஆட்டங்கள் அதற்கு முன்பே தொடங்கியிருந்தன. 1919-இல் கோபன்ஹேகனிலிருந்து ஏ.பி. என்ற டேனிஷ் கிளப் கப்பலில் வந்து ரேக்யவிக்கில் ஆடிப்போனது. 1930-இல் ஐஸ்லாந்து அணி ஒன்று பக்கத்துத் தீவுக்கூட்டமான ஃபாரோவுக்குப் போய் 1-0 என்று வென்றது. ஆனால் அந்த வெற்றி அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டமாக எண்ணப்படுவதில்லை. இரு நாடுகளின் தேசிய அணிகள், உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் ஏற்பில் ஆடுவதையே அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டம் என்கிறோம். ஃபாரோ ஃபிஃபாவில் சேர்ந்ததே 1988-இல்தான். ஆடியவர்களுக்கு வியர்த்தது என்னவோ உண்மை.

ஐஸ்லாந்து 1944 ஜூன் 17 அன்று குடியரசானது. 1946 ஜூலை 17 அன்று மெலாவோத்லூர் சரளையில் முதல் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டம் நடந்தது. எதிரணி வேறு யார், டென்மார்க்தான். 3-0 என்று டென்மார்க் வென்றது. தேதியை மறுபடி பாருங்கள்: தேசிய அணியின் முதல் ஆட்டம் 1946, தேசியச் சங்கம் 1947. இங்கேயும் ஆட்டம் முன்னால் ஓடியது, காகிதம் பின்னால் வந்தது. 1947-லேயே ஐஸ்லாந்து ஃபிஃபாவில் சேர்ந்தது. மறு ஆண்டு பின்லாந்தை 2-0 என்று வீழ்த்தி முதல் வெற்றியும் பெற்றது.

யாருடைய ஆட்டம்?

ஒழுங்கமைந்த கால்பந்து என்று இத்தனை நேரம் சொன்னதெல்லாம் ஆண்களின் கால்பந்து. பெண்களுக்கான தேசிய சாம்பியன்ஷிப் 1972-இல்தான் தொடங்கியது, முதல் பட்டம் எஃப்.ஹெச். கிளப்புக்கு. பெண்களைப் பொறுத்தவரை "எந்த ஆண்டு தொடங்கியது" என்ற கேள்விக்கு விடை அறுபது ஆண்டு தள்ளிப் போகிறது.

வெளியூர்க்காரர்களைக் கேட்டாலும் வேறு ஆண்டு வரும். அக்ரானெஸ் என்பது ரேக்யவிக்குக்கு எதிரே, விரிகுடாவின் அக்கரையில் இருக்கும் மீன்பிடி ஊர். அந்த ஊர்க்காரர் ரிக்ஹார்துர் யோன்சன் ரேக்யவிக் போய் ஃப்ராமுக்கு ஆடியவர். பிறகு ஜெர்மனியில் பயிற்சி பெற்று ஊர் திரும்பி, தன் ஊர் அணிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். 1951 ஜூன் 29 அன்று மெலாவோத்லூரில், முந்தைய ஆண்டு உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த ஸ்வீடனோடு ஐஸ்லாந்து ஆடியது. 4-3 என்று ஐஸ்லாந்து வென்றது. நான்கு கோல்களையும் அடித்தவர் ரிக்ஹார்துர்.

அதே கோடையில் அக்ரானெஸ் நாட்டின் சாம்பியன் ஆனது. 1912-இலிருந்து அதுவரை அந்தக் கோப்பை ரேக்யவிக்கை விட்டு ஒருமுறைகூட வெளியே போனதில்லை. அந்த ஆண்டு அது விரிகுடாவைக் கடந்து அக்கரைக்குப் போனது.